விரிகுடாவில் சிற்றோடமும் தூண்டிலும்

கடலில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசப் பள்ளி ஆசிரியனாக இருந்த ஒருவன் வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். என் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். நான் அவர்களுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தேன். அவர்கள் எனக்குக் காற்றுகளின் பெயர்களையும் மீன்களின் பெயர்களையும் கற்பித்தார்கள். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், அப்பழைய மாணவர்களுள் ஒருவரிடமே துடுப்புப் போடவும் கற்றுக்கொண்டேன். ஆகவே ஆசிரியனாக மட்டுமன்றி, வயது முதிர்ந்த ஒரு மாணவனாகவும் இன்று உங்களிடம் பேசுகிறேன்.

அண்மைக் காலத்தில் நம் கடற்கரைகளில் ஒரு புதிய ஓடத்தைக் காண்கிறோம். நீண்டு ஒடுங்கி, இரு முனையும் கூர்ந்து, ஒருவர் அமர்ந்து இரட்டை அலகுத் துடுப்பால் செலுத்தும் சிற்றோடம் அது. அதனைக் ‘கயாக்’ என்பர். பெயரும் பொருளும் வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இனுவிட் மக்களுடையவை. மரம் அரிதாகிய அந்நாட்டில், கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, அம்மக்கள் இதனைச் செய்தார்கள். உறைபனி நீர் உள்ளே புகாதபடி மேற்பகுதியை முழுவதும் மூடி, ஒருவர் இடுப்பு நுழையுமளவே வாய் வைத்தார்கள்.

இன்று நம் கரைகளில் பெரிதும் காணப்படுவது அதன் வேறொரு வகை. இதில் உள்ளே நுழைந்து அமர்வதில்லை, மேலேயே அமர்கிறோம். உள்ளே காற்றடைத்த, முற்றிலும் மூடிய பிளாஸ்டிக் உடல். நாம் அமரும் பள்ளத்திலிருந்து அடிப்புறம் வரை ஊடுருவிச் செல்லும் சில துளைகள். அலை மேலே ஏறினால் நீர் அத்துளைகளின் வழியே தானே வடிந்துவிடும். இறைக்க வேண்டியதில்லை.

இவ்வமைப்பைக் கேட்டவுடன் உங்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். ஆம், நம் கட்டுமரம். இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்த கட்டுமரத்தில் நீர் ஏறும், இடுக்குகளின் வழியே இறங்கும். மரம் மிதந்துகொண்டே இருக்கும். அது கவிழலாம், மூழ்காது. நம்முடைய அச்சொல்லே ஆங்கிலத்திற்குச் சென்று, பிற்காலத்தில் இரட்டை உடல் படகுகளைக் குறிக்கும் பெயராயிற்று. ஆகவே இச்சிற்றோடம் பெயரால் அயல்நாட்டது. அது மிதக்கும் விதமோ நம் கரைக்கு மிகப் பழையது.

இதில் அமர்ந்து தூண்டில் போட்டு மீன் பிடிக்க விரும்புவோர் இப்போது பெருகி வருகிறார்கள். நகரத்திலிருந்து வரும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த இரைக்கு எந்த மீன் வரும், ஐயா?” என்பதே. நான் அவர்களிடம், “அதைப் பிறகு சொல்கிறேன் தம்பி. இப்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது?” என்று கேட்பதுண்டு. பெரும்பாலோர் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். மீன் பிடிக்கக் கற்பதற்குமுன் கரைக்குத் திரும்பக் கற்கவேண்டும் என்பதே இன்றைய என் பேச்சின் சாரம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும், எளியதிலிருந்து அரியதற்கும் செல்க என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்முறையிலேயே செல்வோம்.

முதலில் இடம். சென்னை போன்ற திறந்த கடற்கரைகளில் அலைகள் கரையருகே உயர்ந்து உடைகின்றன. அவற்றைத் தாண்டி ஓடத்தைச் செலுத்துவது தேர்ந்தவர்க்கே உரியது. தொடங்குவோர்க்கு வேண்டுவது விரிகுடா. தொண்டி, தேவிபட்டினம் பகுதியும் மண்டபத்தின் வடகரையும் பாக் விரிகுடாவைச் சேர்ந்தவை. இந்தியக் கரைக்கும் இலங்கைக்கும் இடையே அடங்கிக் கிடக்கும் இக்கடல் ஆழங்குறைந்தது. பெரும்பகுதி 15 மீட்டருக்கு உட்பட்டது. கரையோரத்தில் நெடுந்தொலைவு வரை இடுப்பளவு நீரே இருக்கும். மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் உள்ளவர்கள் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வதுண்டு. முன்னது ஆரவாரமுடையது, பின்னது அமைதியானது என்பது கருத்து.

ஆனால் அந்த அமைதியை நம்பித்தான் புதியவர்கள் இடரில் அகப்படுகிறார்கள். காரணத்தைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

காற்றுகளுக்கு நம் முன்னோர் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். மீனவர் இப்பெயர்களை வழங்குவது பேச்சழகுக்காக அன்று. காற்றின் பெயரைச் சொன்னவுடனேயே, அது தம்மைக் கரைக்குத் தள்ளுமா, கடலுக்குத் தள்ளுமா என்பது அவர்களுக்கு விளங்கிவிடும்.

பாக் விரிகுடாவில் நம் கரை மேற்கிலும் தெற்கிலும் அமைந்துள்ளது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று நிலத்தின்மேல் வந்து கடலை நோக்கி வீசுகிறது. காற்று அலையை எழுப்புவதற்கு நீர்ப்பரப்பின்மேல் சிறிது தொலைவு ஓடவேண்டும். ஓடும் தொலைவு கூடக்கூட அலையும் உயரும். நிலத்திலிருந்து இறங்கும் காற்றுக்குக் கரையருகே அந்தத் தொலைவு கிடைப்பதில்லை. ஆதலால் கரையில் நிற்பவர் கண்ணுக்கு நீர் குளம்போல் தெரியும். பின்னால் நிற்கும் பனைமரங்களின் ஓலை படபடப்பதை அவர் கவனிப்பதில்லை. ஓடத்தைத் தள்ளி ஏறி அமர்ந்தால் அது தானாகவே விரைந்து செல்கிறது. தாம் விரைவில் கற்றுக்கொண்டதாக எண்ணி மகிழ்கிறார். அரை மணி கழித்துத் திரும்ப முயலும்போதுதான் காற்று முகத்தில் அடிக்கிறது, அலையும் எழுந்திருக்கிறது.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். காற்றில்லாத நீரில் ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் செல்ல வல்லவர் என்று கொள்வோம். காற்று முதுகில் வீசும்போது அவர் வேகம் 6 ஆகிறது. முகத்தில் வீசும்போது 3 ஆகிறது. ஒரு மணி நேரம் சென்றவர் திரும்ப இரண்டு மணி நேரம் வேண்டும். அவ்விரண்டு மணி நேரமும் களைத்த கையோடு துடுப்புப் போடவேண்டும். இடையில் காற்று வலுத்து வேகம் 1 கிலோமீட்டராகக் குறைந்தால், அதே தொலைவுக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஆறு மணி நேரம் ஓயாமல் துடுப்புப் போடும் வலிமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இக்கணக்கிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன. ஒன்று, புறப்படும்போது காற்றை எதிர்த்துச் செல்க. திரும்பும்போது காற்று உதவட்டும். இரண்டு, காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் நாளில் கரையைவிட்டு விலகாதீர். நின்றால் கால் ஊன்றும் ஆழத்திலேயே கரையை ஒட்டிச் செல்க. காற்று வலுத்திருந்தால் ஓடத்தை இறக்கவே வேண்டா. மூன்று, உங்கள் வலிமையில் மூன்றில் ஒரு பங்கைப் போவதற்கும் இரண்டு பங்கைத் திரும்புவதற்கும் ஒதுக்குக.

ஐப்பசி முதல் மார்கழி வரை நிலைமை மாறுகிறது. வாடை நேராகக் கரைமேல் மோதுகிறது. பெண் கடலும் அப்போது சீறும். புயல் தோன்றும் காலமும் அதுவே. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை இக்கரையோர் மறக்கவில்லை. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கும் நாளில் ஓடத்தைத் தொடவும் வேண்டா. தொடங்குவோர்க்கு மாசி, பங்குனி மாதங்களின் காலைப்பொழுதே ஏற்றது. பாம்பன் கால்வாயின் பக்கம் மட்டும் எந்தப் பருவத்திலும் செல்லாதீர். இரு கடல்களின் நீரும் அவ்விடுக்கில் ஆறுபோல் ஓடும். புதியவரின் துடுப்பு அதற்கு ஈடு கொடுக்காது.

அடுத்தது கருவிகள். முதலாவது ‘லைப் ஜாக்கெட்’ என்னும் மிதவைச் சட்டை. அதை ஓடத்தின் பின்புறத்தில் கட்டி வைப்பவர்கள் உண்டு. நீரில் விழுந்தபின் அதை எடுத்து அணிவது, குடையை மழை நின்றபின் விரிப்பதைப் போன்றது. கரையிலேயே அணிந்து வார்களை இறுக்கிக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தவரும் அணியவேண்டும். களைப்பும் தசைப்பிடிப்பும் நீச்சல் தெரிந்தவரையும் விட்டுவைப்பதில்லை. துடுப்பை ஓடத்தோடு ஒரு சிறு கயிற்றால் இணையுங்கள். ஊதல் ஒன்று, எட்டும் இடத்தில் உறையிட்ட கத்தி ஒன்று, இரண்டு லிட்டர் குடிநீர், தலைக்குத் துணி, நீர் புகாத பையில் கைப்பேசி ஆகியவையும் வேண்டும். கடலில் இடர் நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இவற்றைவிட மேலான காவல் ஒன்று உண்டு. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வதே அது.

இப்போது பாடம். முதல் வாரம் தூண்டிலைக் கையில் எடுக்க வேண்டா. மார்பளவு நீரில் ஓடத்தை நிறுத்தி, வேண்டுமென்றே கவிழ்ந்து பழகுங்கள். கவிழ்ந்தவுடன் ஓடத்தைப் பற்றிக்கொள்வதே முதற் கடமை. அலையில் மனிதத் தலை ஒன்று தனியே தெரிவது அரிது. ஓடம் தொலைவிலிருந்து தெரியும். ஆதலால் நீந்திக் கரை சேரலாம் என்று எண்ணி ஓடத்தைக் கைவிடலாகாது. பிறகு கைநீட்டி எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து இழுத்து ஓடத்தை நிமிர்த்துங்கள். அதன் நடுப்பகுதிக்கு வந்து, இரு கால்களையும் நீர்மட்டத்திற்கு உயர்த்தி உதைத்து, வயிறு ஓடத்தின் குறுக்கே படியுமாறு ஏறுங்கள். அங்கிருந்து உடலைப் புரட்டி இருக்கையில் அமருங்கள். இறுதியாகக் கால்களை உள்ளே எடுங்கள். வயிறு, இருக்கை, கால் என்று வரிசையை நினைவில் வைத்தால் போதும். வலப்புறம் பத்து முறை, இடப்புறம் பத்து முறை இதனைச் செய்தவருக்கு அச்சம் பாதி நீங்கிவிடும். கால் எட்டாத நீரில், துணைவர் ஒருவர் அருகிருக்க, மீண்டும் செய்து தேறியவரே அடுத்த பாடத்திற்குத் தகுதியுடையவர்.

இரண்டாம் வாரம் துடுப்பு. தோளையும் கையையும் மட்டும் நம்பித் துடுப்புப் போடுபவர் கால் மணியில் களைப்பார். காலை மிதிகட்டையில் ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பித் துடுப்பை இழுக்க வேண்டும். இழுக்கும்போது துடுப்பு ஓடத்தின் பக்கமாகவே செல்லட்டும். ஒரு பொதுவிதியும் உண்டு: உங்கள் மூக்கு ஓடத்தின் விளிம்பைத் தாண்டக்கூடாது. விழுந்த பொருளை எட்டி எடுக்கும்போதும், மீனைத் தூக்கும்போதும் தலை வெளியே சாய்ந்தால் உடலும் உடன் சாயும்.

மூன்றாம் வாரம் நங்கூரம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள சிறு மடக்கு நங்கூரம் இவ்வோடத்துக்குப் போதும். கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு இருக்கட்டும். மூன்று மீட்டர் ஆழத்திற்குப் பதினைந்து மீட்டர் கயிறு. அதை ஓடத்தின் முனையில் கட்டவேண்டும். இடுப்புப் பகுதியில் கட்டலாகாது. நடுவில் கட்டினால் நீரோட்டம் ஓடத்தைக் குறுக்காகத் திருப்பி, அவ்விளிம்பைக் கீழே இழுத்துக் கவிழ்த்துவிடும். நங்கூரம் பாறையில் சிக்கிக்கொண்டால் அதனோடு போராட வேண்டா. கத்தி உள்ளது அதற்காகவே. நங்கூரம் விலைக்குக் கிடைக்கும்.

இனித் தூண்டில். இதுவரை பொறுமையாகக் கேட்ட இளைஞர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். கட்டையில் சுற்றிய நைலான் நரம்பு, சிறிய ஈயக்குண்டு, இரண்டு முள்; இந்தக் கைத்தூண்டிலே தொடங்குவோர்க்குப் போதும். கழியும் சுருளியும் பின்னர் வாங்கலாம். இரைக்கு இறால் துண்டும் கணவாய்த் துண்டும் எங்கும் கிடைக்கும். கணவாய் முள்ளில் உறுதியாக நிற்பதால் சிறு மீன்கள் அதை எளிதில் பறித்துக்கொண்டு போவதில்லை.

எங்கே போடுவது? கடலின் அடித்தளம் எங்கும் ஒரே வகையாக இருப்பதில்லை. பாக் விரிகுடாவில் கடற்புல் வெளிகள் பரந்து கிடக்கின்றன. மேலிருந்து பார்த்தால் அவை கருமையாகவும் மணல் வெண்மையாகவும் தெரியும். கருமையும் வெண்மையும் கூடும் எல்லையே தூண்டிலுக்கு ஏற்ற இடம். புல்லில் மறைந்து வாழும் சிறு உயிர்களைத் தேடிப் பெரிய மீன்கள் அவ்வெல்லையில் உலவும். மணற்பகுதியில் கிழங்கான் கிட்டும். புல்லோரத்தில் விளமீனும் ஓராவும் கிட்டும். பாறையும் சீலாவும் துரத்தி உண்ணும் மீன்கள், அவை ஓடும் இரையை நாடும். அலையாத்திக் காடுகளின் ஓரத்திலும் கழிமுகத்திலும் நீர் ஏறும் வேளையில் கொடுவா வரும். ஏறும் நீரோடு மீன் கரைநோக்கி வருகிறது. வற்றும் நீரோடு ஆழத்திற்குத் திரும்புகிறது. எனவே நீரேற்றம் தொடங்கும் வேளை தூண்டில்காரர்க்கு நல்வேளை.

மீன் கடித்தவுடன் நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது மிகக் கொடியது. பெரிய திருக்கை ஒன்று அகப்பட்டால் அது ஓடத்தையே இழுத்துச் செல்லும். சுற்றிய நரம்பு விரலை அறுக்கும். நரம்பை விரல்களுக்கிடையே ஓடவிட்டு, மீன் களைத்தபின் இழுங்கள். இழுக்கும் திசைக்கு ஓடத்தின் முனை திரும்பியிருக்கட்டும்.

பிடித்த மீன் எல்லாம் கைக்கு இனியன அல்ல. கெளிற்றின் முதுகிலும் பக்கங்களிலும், ஓராவின் துடுப்புகளிலும், திருக்கையின் வாலிலும் நஞ்சுடைய முள் உண்டு. வெறுங்கையால் தொடாதீர், குறட்டால் தூண்டில்முள்ளை நீக்குங்கள் அல்லது நரம்பையே அறுத்துவிடுங்கள். குத்திவிட்டால் உடனே கரைசேர்ந்து, புண்ணைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். மரத்துப்போன உறுப்பு சூட்டை உணராதாதலால், வெந்நீரின் சூட்டை மற்றொரு கையால் சோதித்துக்கொள்க. பிறகு மருத்துவரிடம் செல்லவேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே ஓடத்தைத் திருப்பக்கூடாது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாப் பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகம் ஆயிற்று. நம்மவர் ஆவுளியா என்று அழைக்கும் அக்கடற்பசு புல்லையே உண்டு வாழ்வது. அதையும், கடலாமையையும், கடற்குதிரையையும், கடல் அட்டையையும் பிடிப்பது குற்றமாகும். எல்லைக் கடலாதலால் புதிய ஓடத்தை இறக்குமுன் மீன்வளத்துறையிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் கேட்டறிந்து கொள்வது கடமை.

சட்டம் எழுதாத கடமையும் ஒன்றுண்டு. நமக்குப் பொழுதுபோக்காக இருக்கும் கடல், கரையில் உள்ள குடும்பங்களுக்கு அடுப்பெரிக்கும் கடல். மிதவைகளைக் கண்டால் அங்கே வலை கிடக்கிறது என்று அறிந்து விலகிச் செல்லுங்கள். உண்ணும் அளவே பிடியுங்கள். சிறு மீனை உயிரோடு விடுங்கள். புறப்படுமுன் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்று, “அண்ணாச்சி, இன்றைக்குப் போகலாமா?” என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் வானத்தையும் நீரையும் பார்த்துவிட்டு, “வாத்தியாரையா, மீன் நாளைக்கும் இருக்கும். நீங்க நாளைக்கு வாங்க” என்பார். அவர் அவ்வாறு சொன்ன நாளில் நான் ஓடத்தை இறக்கியதில்லை.

வானொலியிலும் கைப்பேசியிலும் வானிலை அறிவிப்பு இன்று உடனுக்குடன் கிடைக்கிறது. அதைக் கேளுங்கள், அம்முதியவரையும் கேளுங்கள். இருவருள் ஒருவர் வேண்டாவென்றாலும் கரையில் இருங்கள். வெறுங்கூடையோடு திரும்புவது தூண்டில்காரனுக்கு இழுக்கன்று. கரையில் நமக்காகக் காத்திருப்பவர்கள் முதலில் கூடையைப் பார்ப்பதில்லை.